வாரம் ஒருநாள் படகு, தினமும் சார்ஜ்

கேள்வி: என் 22 அடி பாய்ப்படகைச் சென்னையில் மிதவையில் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலை மட்டும் எடுப்பேன். வெளியே போகவும் திரும்பவும் 8 குதிரைத்திறன் அவுட்போர்டை கால் கால் மணி நேரம் ஓட்டுவேன். ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. இன்னும் பெரிதாகப் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: வேண்டாம் ஐயா. பெரிய பேட்டரி போட்டாலும் இதே கதைதான், கொஞ்சம் தாமதமாக நடக்கும்.

கணக்கைப் பாருங்கள். பாய்மர உச்சியில் பழைய 25 வாட் பல்பு இருந்தால் அது 2 ஆம்பியர் இழுக்கும். மூன்று மணி நேரத்தில் 6 ஆம்பியர்-மணி. ரேடியோவும் ஆழமானியும் சேர்ந்தால் 8 ஆகிவிடும். உங்கள் எஞ்சின் முழு வேகத்தில் 6 ஆம்பியர் தரலாம். படகுகளுக்கு நடுவே மெதுவாகப் போகையில் அதில் பாதி வந்தாலே பெரிது. அரை மணி நேரத்துக்கு ஒன்றரைதான் தேறும். எடுப்பது எட்டு, போடுவது ஒன்றரை.

அந்தக் குறையோடுதான் பேட்டரி ஆறு நாள் கிடக்கிறது. ஈயத்தகட்டில் படியும் சல்பேட் உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும், விட்டுவிட்டால் இறுகிப்போகும். நம் ஊர் வெக்கையில் அது இன்னும் சீக்கிரம். ஐப்பசி, கார்த்திகையில் படகை எடுக்காமலே வாரக்கணக்கில் விட்டிருப்பீர்கள். உங்கள் பேட்டரிகள் செத்தது அப்போதாகத்தான் இருக்கும்.

முதலில் எல்லா பல்பையும் எல்இடி ஆக்குங்கள். உச்சி விளக்குக்கு 2, 3 வாட் போதும். செலவில் முக்கால்வாசி அங்கேயே குறைந்துவிடும்.

அடுத்து 20 வாட் சோலார் பேனல். நல்ல வெயிலில் இழப்பு போக நாளைக்கு சுமார் 5 ஆம்பியர்-மணி ஏற்றும். மழைமாதத்தில் பாதிகூட வராது, ஆனாலும் போதும். ஏறிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம். கன்ட்ரோலர் இல்லாமல் நேராக இணைக்காதீர்கள், பேட்டரி கொதித்து நீர் வற்றிவிடும். வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜைக் குறைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பேனலைப் படகின் பின்பக்கக் கம்பியில் பொருத்துங்கள். பாயின் கிடைக்கம்பு, கயிறு எதன் நிழலும் விழக்கூடாது. செல்கள் வரிசையாகக் கோத்தவை; ஒன்றில் நிழல் விழுந்தாலும் ஓஸ்குழாயை மிதித்ததுபோல மொத்தமும் தடைபடும்.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் பேட்டரியும் வேண்டாம். படகு சாயும்போது ஆசிட் சிந்தும். மூடிய ஏஜிஎம் வகை நல்லது. உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துவிடும்; வெள்ளீயம் பூசிய ஒயரே கேளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். அடியில் சேரும் நீரை இறைக்கும் தானியங்கி பம்பை, மெயின் சுவிட்சைத் தாண்டி, தனி ஃபியூஸோடு நேரே பேட்டரியில் இணைக்க வேண்டும். அடைமழை இரவில் ஆளில்லாத படகைக் காப்பது அந்த பம்ப்தான். பேட்டரி செத்தால் அதுவும் நின்றுவிடும்.

பொருத்தி இரண்டு வாரம் கழித்து, விடியற்காலையில், பேனலில் வெயில் படுமுன் எதையும் போடாமல் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். எந்த நேரத்தில் எந்த நிழல் பேனலில் விழுகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து கவனித்து, எனக்கு மறுபடி எழுதுங்கள்.