மூச்சுவிடும் வேர்கள்

நுழையும்முன்

நீரின்றித் தாவரம் இல்லை. ஆயினும், மிகுதியாக ஊற்றிய நீரே செடியை மாய்ப்பதும் உண்டு. ஆர்க்கிட் செடியின் வேர் இவ்வுண்மையை நமக்கு உணர்த்துகிறது.

மரத்தில் ஓர் இருப்பிடம்

ஆர்க்கிட் இனங்களுள் பெரும்பாலானவை தொற்றுத் தாவரங்கள். இவை புல்லுருவியைப்போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. கிளையை இருப்பிடமாக மட்டுமே கொள்கின்றன. திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே, உடுமலையை அடுத்துள்ள ஆனைமலைக் காடுகளிலும் இவை வளர்கின்றன. காற்றில் தொங்கும் இவற்றின் வேர்களை ‘வெலாமன்’ என்னும் பஞ்சு போன்ற திசு போர்த்தியிருக்கும். அது மழைநீரை விரைந்து உறிஞ்சும். பின்பு உலர்ந்து காற்றுக்கு வழிவிடும். நனைவதும் உலர்வதும் மாறிமாறி நிகழ்வதே அவ்வேரின் இயல்பு.

வேரழுகல்

இத்தகைய செடியை இறுகிய மண்ணில் நட்டு நாள்தோறும் நீரூற்றினால், வேரைச் சுற்றிக் காற்று அற்றுப்போகும். மூச்சுத் திணறிய வேரைப் பித்தியம், பைட்டோப்தோரா முதலிய நுண்ணுயிரிகள் தாக்கும். நலமான வேர் உறுதியாக இருக்கும். உலர்ந்தபோது வெண்சாம்பலாகவும் நனைந்தபோது பசுமையாகவும் தோன்றும். அழுகிய வேரோ பழுப்பேறிக் குழைந்துவிடும். வேர் அழிந்தபின் இலைக்கு நீர் செல்லாது, இலை சுருங்கும். அதைத் தாகம் எனக் கருதி மேலும் நீரூற்றுவோர் செடியை முற்றிலும் இழப்பர். ஆகவே, இலை வாடினால் முதலில் வேரைப் பார்த்தல் வேண்டும்.

நீரின் தன்மை

சாயக்கழிவின் உப்பு நொய்யலையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. கழிவுநீர் வெளியேறா நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உப்பு மிகுந்த நீர் ஆர்க்கிட் வேர்நுனியைக் கருக்கும். கருகிய இடத்தில் அழுகல் எளிதில் பற்றும். எனவே, மாடியில் சேகரித்த மழைநீரே இதற்கு ஏற்றது.

காக்கும் முறை

துளைகள் பல உள்ள தொட்டியில் கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, நன்கு அலசிய தேங்காய் மட்டைத்துண்டு ஆகியவற்றை இட்டு நடுக. காலையில் மட்டும் நீரூற்றுக. வேர் வெளுத்த பின்னரே மீண்டும் ஊற்றுக. அடித்தட்டில் நீர் தேங்கவிடற்க. அழுகல் தோன்றினால், தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால் அப்பகுதியை வெட்டி நீக்கி, செடியை நிழலில் ஒருநாள் உலரவிட்டுப் புதிய ஊடகத்தில் நடுக.

செடியின் இயல்பறிந்து அளவோடு அளிப்பதே பேணுதல் ஆகும்.

தெரியுமா?

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா உள்ளது.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதி மரங்களில் காணப்படும் தொற்றுத் தாவரத்தையும் புல்லுருவியையும் உற்றுநோக்கி, வேறுபாடுகளை எழுதுக.