செராமாவின் பின்வரிசை

கேள்வி: சமயப் பற்றுள்ள பழமைவாத வாக்காளர்களைக் கவரும் தேர்தல் ஆலோசகராக ஆசை. பிழைக்க முடியுமா?
— வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: பாடம் உங்கள் ஊரிலேயே நடந்ததே! 2024 ஜூலை 6 இடைத்தேர்தலில் மலேசிய இஸ்லாமியக் கட்சியான பாஸின் அபிடின் இஸ்மாயில் 4,267 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். முந்தைய ஆண்டு அதே கட்சிக்கு அங்கே கிடைத்த பெரும்பான்மை 1,563தான். எந்த ஆலோசகரின் லேப்டாப்பும் தனியாகச் சாதித்ததல்ல அது. கட்சி நடத்தும் பாஸ்தி பாலர் பள்ளி, சுராவ் என்னும் சிறு தொழுகைக் கூடத்தில் தொழுகை முடிந்து செருப்பு மாட்டும்போது நடக்கிற பேச்சு, செராமா எனப்படும் இரவு அரசியல் கூட்டம் எல்லாம் பல்லாண்டாகப் போட்ட உரம். பாஸ் கட்சிக்கு வாடகை மூளை எதற்கு? தேவைப்படுவது எதிரணிக்கு, அதுவும் தேர்தல் சீசனில் மட்டும். மலாய் சரளமாக வர வேண்டும். ஒரு செராமாவில் பின்வரிசையில் உட்கார்ந்து, மேடையை விட்டுக் கேட்பவர் முகங்களைப் பாருங்கள். இருக்கிற வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.