மழை விடுவதற்கு முன்பே தொடங்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஜனவரி பிறந்ததும் முட்டி வலி, கணுக்கால் வீக்கம் என்று உன் பிசியோதெரபி அறைக்குப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்களே, ஏன் என்று கேட்டிருந்தாய். அதற்கான பதில் அக்டோபரில் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை புதுச்சேரியின் காலாப்பட்டுக் கரையில் இறங்கினால் மைதானங்கள் சேறாகிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு பெரிய மழை பெய்யாத ஆண்டிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓட்டமும் ஆட்டமும் பாதிக்குமேல் நின்றுபோகும். போதாக்குறைக்குத் தேர்வு, அதை அடுத்து செமஸ்டர் விடுமுறை. பிறகு பொங்கல் விளையாட்டும் கல்லூரி விளையாட்டு விழாவும் கபடிப் போட்டிகளும் சேர்ந்து வந்து நிற்கும். இரண்டு மாதம் சும்மா இருந்த கால், ஒரே வாரத்தில் முழு வேகத்தில் ஓடித் திரும்ப வேண்டியிருக்கிறது. அதுவும் மழை விட்டபின் காய்ந்து இறுகிப்போன தரையில்.

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சு பழகிவிடும். தசைநாணும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லை என்றதும் உடம்பு தயார் என்று விளையாடும் பெண் நம்பிவிடுகிறாள், கோச்சும் நம்பிவிடுகிறார். பல காயங்கள் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. ஆகவே முட்டியைத் தொடுவதற்கு முன் கேள்: கடைசியாக எப்போது விளையாடினாய்? எத்தனை நாள் ஓய்வு? திரும்பி வந்த முதல் வாரம் எவ்வளவு ஓடினாய்? வீட்டிலும் வேலையிலும் என்ன சுமை தூக்குகிறாய்? மீன்கூடை சுமப்பவளும் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவளும் மைதானத்துக்கு வரும்போதே களைத்த காலோடுதான் வருகிறார்கள்.

உன் ஊர்க் குப்பங்களைப் பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வலை பின்னுவார்கள், எஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள். விளையாட்டுப் பெண்களுக்கு மழைக்காலம் அப்படிப்பட்ட காலமாக இருக்க வேண்டும். அதை அப்படி ஆக்கித் தருவதுதான் உன் வேலை.

பெண்களின் முட்டிக்குத் தனிக் கவனம் தேவை. ஓடித் திரும்பும், குதித்து இறங்கும் விளையாட்டுகளில் ஏசிஎல் சவ்வு கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலே கிழிகிறது. ஒரு பெண்ணை முப்பது செ.மீ. உயரப் படியிலிருந்து இறங்கிக் குதிக்கச் சொல். நீ எதிரில் தரையில் உட்கார்ந்து பார். பாதம் தரையைத் தொட்ட கணத்தில் இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாய்கின்றனவா? இடுப்பு மடங்காமல் விறைப்பாக இறங்குகிறாளா? ‘தொப்’ என்று சத்தம் கேட்கிறதா? அந்தச் சத்தத்தை அவளையே கேட்கச் சொல். அடுத்த முறை சத்தமில்லாமல் இறங்கு என்று மட்டும் சொல். முட்டியும் இடுப்பும் தாமாக மடங்கும். பத்து நிமிட விளக்கத்தைவிட இது நன்றாக ஏறும். பிறகு ஒரு காலில் நின்று பாதி உட்கார்ந்து எழச் சொல். இடுப்பின் ஒரு பக்கம் தொய்ந்தால் பலப்படுத்த வேண்டிய இடம் உனக்குத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் பலன் தருமா என்று யாராவது கேட்டால் நார்வேயைச் சொல். அங்கே 2007இல் 13 முதல் 17 வயதுவரையுள்ள 1,892 கால்பந்துச் சிறுமிகளிடம் ‘11+’ என்ற பயிற்சிமுறையைச் சோதித்தார்கள். ஓட்டம், பலம், சமநிலை, குதித்தல் என 15 பயிற்சிகள். சுமார் 20 நிமிடம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். அதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாயின. கபடிக்கும் கோகோவுக்கும் அதே கொள்கையில் நீ உன் பயிற்சிகளை அமைத்துக்கொள்ளலாம். மழை பெய்யும்போது ஹாஸ்டல் வராந்தா போதும். நவம்பரில் வாரத்துக்கு மூன்று நாள் என்று தொடங்கினால் பொங்கலுக்குள் எட்டு வாரம் கிடைக்கும்.

கோடைக்கு வேறு கணக்கு. மே மாதக் கோடைப் பயிற்சி முகாமில் கடற்கரைக் காற்று இருக்கிறதே என்று ஏமாறாதே. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது, உடம்பு தணியாது. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் நான்கைந்து நாள் பாதிப் பயிற்சிதான், அதுவும் விடியற்காலையில் அல்லது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். முகாமுக்குப் போனால் முதலில் கழிப்பறை எங்கே, திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார். ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஓடும் பெண்கள் இருக்கிறார்கள். தண்ணீர் குடி என்று அறிவுரை சொல்வதைவிட அந்தக் கழிப்பறைச் சாவியை வாங்கித் தருவது பெரிய சிகிச்சை. உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் பிறகு தாமாக உள்ளே போகும்.

மாதவிடாய் பற்றிக் கூச்சப்படாமல் கேள். தனியறையில், கோச் இல்லாதபோது கேள். மூன்று மாதமாக வரவில்லை என்றால், விளையாடுகிற பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொல்லக்கூடும். அதை ஏற்றுக்கொள்ளாதே. ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், பிறகு எலும்பைப் பலவீனமாக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் துடிக்கிறாள் என்றால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்பு. ரத்தசோகையையும் மறக்காதே. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ‘இவளுக்கு ஸ்டாமினா இல்லை’ என்று ஒதுக்கப்படும் பெண்ணுக்கு முதலில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்.

வீராங்கனைகளை மட்டும் நினைத்துக்கொண்டிருக்காதே. காணும் பொங்கலன்று கயிறு இழுக்கவும் ஓடவும் இறங்குகிற அம்மாக்கள் ஆண்டுக்கு ஒரே நாள் விளையாடுகிறவர்கள். அவர்களுக்குக் கெண்டைக்காலும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது என்பதற்காகவே ஒதுங்கி நிற்பவர்களும் உண்டு. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீதான் கேட்க வேண்டும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பெரும்பாலும் இது குறையும் என்று சொன்னால் அவர்கள் முகம் மாறும். பிள்ளை பெற்றவர் ஓட்டத்துக்குத் திரும்ப மூன்று மாதமாவது போகட்டும்; அதுவும் நடை, பலம், பிறகு ஓட்டம் என்ற வரிசையில்.

காயம் பட்டவள் உன்னிடம் வருமுன் சுளுக்கு எடுப்பவரிடம் போயிருப்பாள். அதற்காக அவளைத் திட்டாதே. திட்டினால் அடுத்த முறை மறைப்பாள். ஒரு சோதனையை மட்டும் எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொடு. கணுக்கால் பிசகியவுடன் நான்கு எட்டு வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தால், உருவிவிட யாரையும் அனுமதிக்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இன்னொன்று. ஐஎஃப்டி மின்சிகிச்சையும் அல்ட்ராசவுண்டும் வைத்துப் பத்து நாளில் வலியைத் தணித்து அனுப்புவது எளிது, வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். வலி போனதும் விளையாடத் தகுதி வந்துவிட்டதாக ஆகாது. அடிபட்ட காலின் பலத்தையும் குதிக்கும் தூரத்தையும் மற்றக் காலோடு அளந்து பார்த்தபின் ஒப்புதல் கொடு. ஏசிஎல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் என்றால் ஒன்பது மாதத்துக்கு முன் போட்டியில் இறங்கச் சம்மதிக்காதே. யார் கெஞ்சினாலும், செலக்‌ஷன் நாளையே என்றாலும் சரி.

உன் பகுதிப் பள்ளி, கல்லூரிகளின் பி.டி. ஆசிரியர்களை இப்போதே போய்ப் பார். அவர்களுடைய போட்டித் தேதிகளை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எட்டு வாரம் முன்னால் உன் டைரியில் குறித்துக்கொள். அந்த நாளில் அழைப்புக்குக் காத்திராமல் நீயே போய் நில். அடுத்த ஜனவரியில் உன் வாசலில் கூட்டம் குறைந்து மைதானத்தில் பெண்கள் கூடினால், நீ நன்றாக வேலை செய்திருக்கிறாய் என்று அர்த்தம்.

அன்புடன்,
உன் அக்கா