ஊர் கூடி எழுதும் கலைக்களஞ்சியம்

கலைக்களஞ்சியம் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்குப் பெரியசாமித் தூரன் நினைவுக்கு வருவார். அவரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. துறை அறிஞர்கள் எழுதினார்கள். பதிப்பாசிரியர் குழு சரிபார்த்தது. இன்று நம் பிள்ளைகள் பள்ளிக் கட்டுரைக்காகத் திறப்பது இணையத்தில் உள்ள விக்கிப்பீடியாவை. 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தோன்றிய இக்களஞ்சியம் 2003-இல் தமிழிலும் தொடங்கியது. இன்று தமிழில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. இவற்றை எழுதுவோரில் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் அதை எப்படி நம்புவது? இக்கேள்வி நியாயமானதே. கருத்து வேறுபாடு எளிதில் மூளும் ஒரு துறையை எடுத்துக்கொண்டு இதற்கு விடை காண்போம். அத்துறை மாற்றுப் பொருளியல்.

1. மாற்றுப் பொருளியல் என்பது யாது?

கல்லூரிப் பாடநூல்களில் பெரிதும் இடம்பெறும் சந்தைப் பொருளியலுக்கு வெளியே நின்று சிந்தித்தவர்கள் பலர். காந்தியப் பொருளியல், கூட்டுறவு இயக்கம், ஊர்ப் பணம், சூழலியல் பொருளியல் ஆகியவை இதில் அடங்கும். வீட்டில் பெண்கள் செய்யும் வேலை நாட்டு வருமானக் கணக்கில் ஏன் சேர்வதில்லை என்று 1988-இல் நூல் எழுதிக் கேட்ட நியூஸிலாந்தின் மேரிலின் வேரிங்கும் இவ்வரிசையில் வருகிறார்.

இத்தகைய பொருள்களுக்கு இரு பக்கமும் ஆபத்து உண்டு. கொள்கையில் பற்றுடையவர் கட்டுரையைப் புகழ்மாலை ஆக்கிவிடுவார். பற்றில்லாதவர் "இதெல்லாம் பொருளியலா?" என்று வெட்டித் தள்ளுவார். இரண்டிலும் ஏமாறுவது வாசகர்தான்.

2. மூன்று விதிகள்

முதலாவது நடுநிலை. கட்டுரை எக்கட்சிக்கும் வக்காலத்து வாங்கக் கூடாது. அதற்காக எல்லாக் கருத்துக்கும் சம இடம் தர வேண்டும் என்பதில்லை. நம்பத்தகுந்த நூல்களில் ஒரு கருத்துக்கு எவ்வளவு இடமோ, கட்டுரையிலும் அவ்வளவே.

இரண்டாவது சான்று. ஐயத்துக்கு இடமான எக்கூற்றுக்கும் வெளியான நம்பகமான நூல், ஆய்விதழ், நாளிதழ் போன்றவற்றைச் சான்று காட்ட வேண்டும்.

மூன்றாவது, சொந்த ஆய்வு கூடாது. நாமே சிந்தித்துக் கண்ட முடிவு எவ்வளவு சரியானதாக இருந்தாலும், அதற்கு இடம் வேறு.

3. ஓர் எடுத்துக்காட்டு

ஆஸ்திரியாவின் திரோல் பகுதியில் வோர்கல் என்னும் சிற்றூர் உள்ளது. உலகப் பொருளாதார மந்தத்தில் வேலையின்றித் தவித்தபோது, அதன் மேயர் மிகேல் உன்டர்குக்கன்பெர்கர் 1932-இல் ஊருக்கென்று தனிப் பணச்சீட்டு வெளியிட்டார. அச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர் மாதந்தோறும் அதன் மதிப்பில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு வில்லை வாங்கி ஒட்ட வேண்டும். அதனால் எவரும் பணத்தை முடக்கி வைக்காமல் செலவிட்டனர். ஊரில் சாலை முதலிய பணிகள் நடந்தன. நாட்டின் மத்திய வங்கி எதிர்த்ததால் 1933-இல் திட்டம் நின்றது.

இதைக் கட்டுரையாக்கும் அன்பர் ஒருவர், "வோர்கலில் வேலையின்மை அடியோடு ஒழிந்தது; பொறாமை கொண்ட வங்கி அதை அழித்தது" என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மற்றொருவர் அதை நீக்கிவிட்டு, "இது பயனற்ற விளையாட்டு" என்று எழுதுகிறார். முன்னவர் பழையபடி மாற்றுகிறார். இப்படியே போனால் கட்டுரை கயிறிழுப்புப் போட்டியாகிவிடும். ஆகவேதான், 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் எழுதியதை மாற்றக் கூடாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் விதி வைத்திருக்கிறார்கள்.

பிறகு என்ன செய்வது? ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. இருவரும் அங்கே தத்தம் நூல்களை முன்வைக்க வேண்டும். முடிவில் இப்படி ஒரு வாசகம் பிறக்கும்: "திட்டத்தால் வேலையின்மை குறைந்தது என ஆதரவாளர்கள் கூறினர். ஓராண்டளவே நடந்த சோதனையிலிருந்து பொது முடிவுக்கு வர இயலுமா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது." இதில் இருவருக்கும் முழு வெற்றி இல்லை. ஆனால் வாசகர் ஏமாறவில்லை.

யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது "வரலாறு" என்ற பகுதியில் அப்படியே இருக்கும். அச்சு நூலில் இல்லாத வசதி இது. நம்பிக்கைக்கு அடிப்படை, எழுதுபவர் பெற்ற பட்டம் அன்று. எவரும் சரிபார்க்கலாம் என்ற இந்த வெளிப்படைத் தன்மையே.

4. வெளியூர்த் தமிழர் என்ன செய்யலாம்?

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் நம்மைப் போல வெளியூர் சென்று வாழ்ந்த தமிழர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று பம்பாயில் தொழில் நடத்தியவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்த பிறகு அவர் வழி மாறியது. அகமதாபாத்தின் குஜராத் வித்யாபீடத்தில் பணியாற்றி, மாதர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை மாணவர்களுடன் அளந்தறிந்தார். 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது வர்தாவில் அதை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1960-இல் மதுரையில் மறைந்தார். ஷூமாக்கரின் "பௌத்தப் பொருளியல்" கட்டுரை இவரை மேற்கோள் காட்டுகிறது.

இவரைப் பற்றி எழுத வேண்டிய சான்றுகள் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை. அகமதாபாத், வர்தா, மும்பை, டெல்லி நூலகங்களிலும் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, மராத்தி மொழிகளில் கிடைக்கின்றன. அவ்வூர்களில் வாழ்ந்து, அம்மொழிகளைப் படிக்கவும் தமிழில் எழுதவும் வல்லவர்கள் யார்? நம் வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும்தான். இவ்வேலையை நாம் செய்யாவிட்டால் செய்ய ஆள் குறைவு.

ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். குமரப்பா என்ன சொன்னார் என்பதற்கு அவர் நூல் சான்றாகும். அவர் சொன்னது சரியா என்பதற்குப் பிறர் ஆய்வுகளே சான்று. அவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்ததால், வாழ்நாளில் வெளியான அவர் நூல்களுக்கு இந்தியாவில் 2021 முதல் பதிப்புரிமைத் தடை இல்லை. மற்றவர் எழுதிய நூல்களிலிருந்து வரிவரியாக எடுக்கக் கூடாது. படித்து, நம் சொற்களில் எழுத வேண்டும்.

5. வீட்டில் செய்து பாருங்கள்

அ) "உலகமே வியந்த ஒப்பற்ற மேதை குமரப்பா." இவ்வரியில் சரிபார்க்கக் கூடிய செய்தி எது? ஒன்றும் இல்லை. மேலே உள்ள செய்திகளைக் கொண்டு, புகழ்ச்சொல் ஒன்றும் இல்லாமல் மூன்று வரி எழுதுங்கள். பெருமை தானே தெரியும்.

ஆ) உங்களுக்குப் பிடித்த கொள்கை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை எதிர்ப்பவரின் வலுவான வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி ஒரு பத்தியில் எழுதுங்கள்.

இ) தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதேனும் ஒரு பொருளியல் கட்டுரையின் உரையாடல் பக்கத்தையும் வரலாற்றையும் பிள்ளைகளுடன் திறந்து படியுங்கள். சான்றில்லாத ஒரு வரியைக் கண்டுபிடித்து, சான்று தேடிச் சேருங்கள்.

இரண்டாவது பயிற்சிதான் கடினம். நமக்கு உவப்பில்லாத கருத்தையும் திரிக்காமல் எழுதக் கற்ற பிள்ளைக்குக் கட்டுரை எழுத மட்டுமன்றி, நாலு பேருடன் சேர்ந்து வாழவும் அது உதவும்.