வேலைநிறுத்தம் முடிந்தது, இரயில் ஏன் இன்னும் வரவில்லை?

மாணவர்களே, 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரிட்டனில் நடந்த ஒரு நிகழ்விலிருந்து இந்த வாரப் பாடத்தைத் தொடங்குவோம்.

நவம்பர் 5, 7, 9 ஆகிய மூன்று நாள்களிலும் இரயில்வே வேலைநிறுத்தம் நடக்கும் என்று ஆர்.எம்.டி. என்ற தொழிற்சங்கம் அறிவித்திருந்தது. சம்பளம், வேலைப் பாதுகாப்பு, பணி நிலைமை பற்றிய தகராறு அது. நவம்பர் 4, வெள்ளிக்கிழமை, அதாவது முதல் வேலைநிறுத்தத்திற்கு முந்தைய நாள், பேச்சுவார்த்தைக்கு வழிவிட்டு மூன்று நாள் வேலைநிறுத்தத்தையும் கைவிடுவதாகச் சங்கம் அறிவித்தது.

அப்படியானால் சனிக்கிழமை காலையில் இரயில்கள் வழக்கம்போல் ஓடியிருக்க வேண்டும் அல்லவா? ஓடவில்லை. அறிவிப்பு மிகவும் தாமதமாக வந்துவிட்டதால் முழுச் சேவையைத் தர இயலாது என்று தண்டவாளங்களை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் சொன்னது. திங்கட்கிழமையும் பல பாதைகளில் சேவை குறைவாகவே இருந்தது. நடக்காத வேலைநிறுத்தத்துக்காக மக்கள் நிலையங்களில் காத்து நின்றார்கள்.

இதைப் படிக்கும்போது, "வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்களோ?" என்று தோன்றலாம். யார் பக்கம் நியாயம் என்பது வேறு பாடம். நாம் இன்று கேட்கப்போவது ஓர் அறிவியல் கேள்வி: நின்றுபோன இரயில் சேவையை மீண்டும் ஓடவைக்க ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது?

1. எல்லா வண்டிகளும் ஒரே பக்கம்

நம் செடெனாக் வழியாகச் செல்லும் தண்டவாளம் குளுவாங்கையும் ஜொகூர் பாருவையும் இணைக்கிறது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டர் தூரத்துக்கு இப்போது இரட்டைத் தண்டவாளம் போடப்பட்டிருக்கிறது. இந்தப் பாதையை வைத்து ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உண்மையான கால அட்டவணை அல்ல.

குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 50 நிமிடப் பயணம். போய்ச் சேர்ந்ததும் 10 நிமிடத்தில் வண்டி திரும்பப் புறப்படும். ஆக, போய்வர 2 மணி நேரம். காலை 6 மணி முதல் இரண்டு முனைகளிலிருந்தும் அரை மணிக்கு ஒரு வண்டி வேண்டும். எத்தனை வண்டிகள் தேவை? 120 நிமிடத்தை 30-ஆல் வகுத்தால் 4 வண்டிகள். இவற்றில் இரண்டு இரவில் குளுவாங்கிலும் இரண்டு ஜொகூர் பாருவிலும் தங்க வேண்டும்.

வேலைநிறுத்தம் வருகிறது என்று தெரிந்ததும் நிர்வாகம் என்ன செய்யும்? வண்டிகளைப் பாதுகாப்பான ஒரே பணிமனையில் நிறுத்திவிடும். நான்கும் குளுவாங்கில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 11 மணிக்கு வேலைநிறுத்தம் கைவிடப்படுகிறது. காலி வண்டிகளை இரவோடு இரவாக ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோக ஓட்டுநர் இல்லை.

மறுநாள் குளுவாங்கில் சிக்கலே தெரியாது. 6.00, 6.30, 7.00, 7.30 என்று நான்கு வண்டிகளும் வரிசையாகப் புறப்படும். ஆனால் ஜொகூர் பாருவில் 6.00 மணி வண்டியும் 6.30 மணி வண்டியும் இல்லை. குளுவாங்கிலிருந்து 6 மணிக்குக் கிளம்பியது 6.50-க்கு வந்து சேர்ந்து, 7 மணிக்குத்தான் அங்கிருந்து முதல் வண்டியாகப் புறப்படும். வண்டிகள் பழுதாகவில்லை, எண்ணிக்கையும் குறையவில்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

2. இரண்டு வண்டி போனால் எத்தனை மணி நேரம் போகும்?

இரண்டு வண்டிகள்தானே, 7 மணிக்கு மேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜொகூர் பாரு நிலையத்துக்கு ஒவ்வொரு வண்டி நேரத்துக்கும் 200 பயணிகள் வருகிறார்கள். ஒரு வண்டியில் 300 பேர் ஏறலாம். 6.00, 6.30, 7.00 ஆகிய மூன்று வண்டிகளுக்கான பயணிகளும் 7 மணிக்கு ஒன்றாக நிற்கிறார்கள். மொத்தம் 600 பேர்.

7.00 மணி: 600 பேரில் 300 பேர் ஏறுகிறார்கள். மீதி 300.
7.30 மணி: புதிதாக 200 பேர், ஆக 500. மீதி 200.
8.00 மணி: 400 பேர். மீதி 100.
8.30 மணி: 300 பேர். அனைவரும் ஏறிவிட்டார்கள்.

இல்லாமல் போன இரண்டு வண்டிகளின் கூட்டத்தைக் கரைக்க நான்கு வண்டிகள் தேவைப்பட்டன. இப்போது ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். வண்டியில் 300-க்குப் பதிலாக 220 பேர்தான் ஏறலாம். தேங்கி நிற்பவர்கள் 400 பேர். ஒவ்வொரு வண்டியிலும் கூடுதலாக இருப்பது 20 இடம். 400-ஐ 20-ஆல் வகுத்தால் 20 வண்டிகள்! அதாவது மாலை 4.30 மணி வண்டி கிளம்பும்போதுதான் நிலையம் காலியாகும். காலையில் விடுபட்டதோ வெறும் இரண்டு வண்டி.

இங்கே ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. ஓர் அமைப்பு எவ்வளவு விரைவில் மீளும் என்பதை, அது எவ்வளவு நேரம் நின்றிருந்தது என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனிடம் எவ்வளவு உபரித் திறன் இருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. மருத்துவமனை வரிசைக்கும், பண்டிகைக்கால நெடுஞ்சாலை நெரிசலுக்கும் இதே கணக்குத்தான்.

3. தூங்கும் வண்டியை எழுப்புதல்

இரயில் வண்டியின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குகிறது. வண்டியின் முழு நீளத்துக்கும் ஒரு காற்றுக் குழாய் ஓடும். அதில் சாதாரணமாக 5 பார் அழுத்தம் இருக்கும். அது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதல். குழாயில் அழுத்தம் இருந்தால் பிரேக் விடுபடும். அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் வண்டி தானாக நின்றுவிடும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

நெடுநேரம் நிறுத்திவைத்த வண்டியில் காற்று மெல்லக் கசிந்துவிடும. கம்பிரசரை ஓடவிட்டு மீண்டும் காற்று நிரப்பி, கசிவு இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, விடுகிறதா என்று சோதித்த பிறகுதான் வண்டி நகரலாம். ஒரு வண்டிக்கு இது சிறிய வேலை. பணிமனையில் நிற்கும் எல்லா வண்டிகளுக்கும் ஒரே விடியற்காலையில் செய்ய வேண்டும் என்றால்?

நீராவிக் காலத்தில் இது இன்னும் கடினம். இந்தியாவில் 1974-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் தொடங்கிய மாபெரும் இரயில்வே வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய 17 லட்சம் தொழிலாளர்கள், அதாவது 1.7 மில்லியன் பேர், பங்கேற்றனர். ஜார்ஜ் பெர்னாண்டஸ் அதன் தலைவர். மே 27-ஆம் நாள் அது கைவிடப்பட்டது. அன்று இந்தியாவின் பெரும்பாலான இரயில் எஞ்சின்கள் நீராவி எஞ்சின்கள். நம் நாட்டிலும் 1962 டிசம்பரில் தொடங்கி 1963 ஜனவரி வரை இரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போதும் நீராவி எஞ்சின்கள் இங்கே பணியில் இருந்தன.

குளிர்ந்து கிடக்கும் நீராவி எஞ்சினை நினைத்த நேரத்தில் கிளப்ப முடியாது. அதன் கொதிகலனில் 5,000 கிலோ தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1 கிலோ தண்ணீரின் வெப்பநிலையை 1 பாகை உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வெப்பம் தேவை. 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 5,000 × 4,200 × 70 = 1,470 மில்லியன் ஜூல். இது கொதிநிலைக்கு வருவதற்கு மட்டும். நீராவி அழுத்தம் ஏறுவதற்கு மேலும் வெப்பம் வேண்டும். அவசரப்பட்டு நெருப்பைப் பெரிதாக்கவும் கூடாது. கொதிகலனின் ஒரு பகுதி சூடேறி விரிந்து, மற்றொரு பகுதி குளிர்ந்தே இருந்தால் உலோகத்தில் விரிசல் விழும். ஆகவே பல மணி நேரம் பொறுமையாகச் சூடேற்ற வேண்டும்.

4. இரண்டு நாளில் வரும் துரு

பயன்பாட்டில் உள்ள தண்டவாளத்தின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கும். சக்கரங்கள் ஓயாமல் தேய்ப்பதே காரணம். இரயில் ஓடாவிட்டால் இரும்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து துருவை உண்டாக்கும். ஜொகூர்போல் மழையும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் ஓரிரு நாளிலேயே பழுப்பு நிறம் படியும்.

மெல்லிய துருவால் என்ன கெடுதல்? தண்டவாளம் உடையாது. ஆனால் இரயில் "காணாமல்" போகலாம்!

பல பாதைகளில், இரயில் எங்கே நிற்கிறது என்பதை மின்சுற்று கண்டுபிடிக்கிறது. தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியின் ஒரு முனையில் சிறிய மின்னழுத்தம் தரப்படும். மறுமுனையில் ரிலே என்ற மின்காந்த விசை இருக்கும். பகுதி காலியாக இருந்தால் மின்னோட்டம் இரு தண்டவாளங்கள் வழியே ரிலேயை அடையும். பச்சை விளக்கு எரியலாம். இரயில் உள்ளே வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடும். மின்னோட்டம் அந்த எளிய வழியில் போய்விடும், ரிலே விழும், சிவப்பு எரியும். கம்பி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் சிவப்புத்தான். நல்ல ஏற்பாடு.

துரு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் துருப்படலம் இருந்தால், இரயில் நின்றாலும் மின்னோட்டம் ரிலேயை அடையலாம். "இங்கே யாரும் இல்லை" என்று அமைப்பு நம்பிவிடும். பின்னால் வரும் வண்டிக்குப் பச்சை கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் நெடுநாள் ஓடாத பாதையில் முதல் வண்டிகளை, தனி விதிமுறைகளோடு எச்சரிக்கையாக விட்டு, துருவைத் தேய்த்தெடுத்து, மின்சுற்று சரியாக வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்துகிறார்கள்.

5. மனிதருக்கும் ஓய்வு வேண்டும்

இரயில் ஓட்டுநரைத் தொலைபேசியில் அழைத்து, "விடியற்காலை 4 மணிக்கு வந்துவிடுங்கள்" என்று சொன்னால் போதாதா? போதாது. ஓட்டுநர் தாம் ஓட்டும் பாதையை முன்பே கற்றுத் தேர்ந்திருக்க வேண்டும். எங்கே வளைவு, எங்கே சரிவு, எந்த விளக்கு எந்தப் பாதைக்கு உரியது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாதை தெரிந்தவர், போதிய ஓய்வெடுத்தவர், வண்டி நிற்கும் ஊரில் இருப்பவர் என மூன்றும் பொருந்த வேண்டும். சமிக்ஞை அறைப் பணியாளர்களுக்கும் இதே நிலைதான். மறுநாளுக்கான பணிப்பட்டியல் வேலைநிறுத்தத்தை மனத்தில் வைத்துப் போடப்பட்டிருக்கும். அதை இரவில் முழுவதுமாக மாற்றி எழுத வேண்டும்.

ஓய்வைக் குறைத்தால் என்ன என்று கேட்பவர்கள் இலண்டனின் கிளாப்ஹம் சந்திப்பை நினைக்க வேண்டும். 1988 டிசம்பர் 12-ஆம் நாள் காலை நெரிசல் நேரத்தில் அங்கே இரயில்கள் மோதி 35 பேர் இறந்தனர். சமிக்ஞைக்குப் புதிய கம்பிகள் பொருத்தியபோது, பழைய கம்பி ஒன்று முறையாக அகற்றப்படாமல் விடப்பட்டது. அது மின்முனையைத் தொட்டு, ரிலேக்குத் தவறாக மின்சாரம் கொடுத்தது. முன்னால் வண்டி நின்றும் சிவப்பு விளக்கு எரியவில்லை. அந்தக் கம்பி வேலையைச் செய்த தொழில்நுட்பர், அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை எடுத்திருந்தார் என்று விசாரணையில் தெரியவந்தது. அதன் பிறகே, ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, இரண்டு ஷிஃப்டுகளுக்கு நடுவே 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்பன போன்ற வரம்புகள் பிரிட்டனின் இரயில் துறையில் நிலைபெற்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். இரவு 8 மணிக்கு வேலை முடித்தவர் மறுநாள் காலை 8 மணிக்கு முன் வரக்கூடாது. விடியற்காலை வண்டிக்கு அவர் கிடைக்க மாட்டார். இதில் யாருடைய பிடிவாதமும் இல்லை.

6. அப்படியானால் என்ன செய்யலாம்?

நல்ல நிர்வாகம் படிப்படியாகச் சேவையை மீட்கும். முதலில் தண்டவாளத்தையும் சமிக்ஞையையும் சோதிக்கும். அடுத்து, காலி வண்டிகளை அவை இருக்க வேண்டிய முனைகளுக்கு அனுப்பும். பிறகு குறைந்த எண்ணிக்கையில், ஆனால் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வண்டிகளை விடும். முழு அட்டவணையையும் அறிவித்துவிட்டு, வண்டிகளை ஒவ்வொன்றாக இரத்து செய்வதைவிட இது மேல். விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் தாதிக்கும் தொழிற்சாலை ஊழியருக்கும் வேண்டியது நம்பத்தகுந்த ஒரு தகவல். "6 மணி வண்டி இல்லை, 7 மணி வண்டி உறுதி" என்று முந்தின இரவே தெரிந்தால் அவர்கள் பேருந்தையாவது பார்த்துக்கொள்வார்கள்.

பேச்சுவார்த்தை மேசையில் இருக்கும் இரு தரப்பினருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. முடிவு நள்ளிரவில் எடுக்கப்பட்டாலும் முந்தைய நண்பகலில் எடுக்கப்பட்டாலும் காகிதத்தில் ஒன்றுதான். நிலையத்தில் நிற்பவருக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு முழு நாள்.

நிறுத்துவதற்கு ஒரு சொல் போதும். ஓடவைக்கக் காற்றும் இரும்பும் மின்சாரமும் மனிதரும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும். அடுத்த முறை தாமதமாகும் இரயிலுக்காகக் காத்திருக்கும்போது, இவற்றுள் எது இன்னும் தயாராகவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. நம் கற்பனைப் பாதையில் ஒரு வண்டியில் 250 பேர் ஏறலாம் என்றால், ஜொகூர் பாருவில் எத்தனை மணி வண்டியோடு கூட்டம் தீரும்?

2. ஒரே ஒரு காலி வண்டியை மட்டும் முந்தின இரவே ஜொகூர் பாருவுக்கு அனுப்ப முடிந்தால், அது எத்தனை மணிக்குப் புறப்படுவது நல்லது: 6.00-க்கா, 6.30-க்கா? காரணம் கூறுங்கள்.

3. பளபளக்கும் இரண்டு இரும்பு ஆணிகளையும் துருப்பிடித்த இரண்டு ஆணிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மின்கலம், ஒரு சிறிய மின்விளக்கு, கம்பிகள் கொண்டு சுற்று அமைத்து, ஆணிகளை ஒன்றன்மேல் ஒன்று இலேசாகத் தொடவையுங்கள். பிறகு அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விளக்கின் ஒளியில் என்ன வேறுபாடு? முதல் இரயில் தண்டவாளத்துக்குச் செய்வது என்ன என்பதை அதிலிருந்து விளக்குங்கள்.