நிறப்பார்வையும் தொழில் தேர்வும்

மாணாக்கர் தமக்கேற்ற தொழிலைத் தெரிந்தெடுக்க உதவும் ஆசிரியர், அவர்களுடைய அறிவுத்திறன், விருப்பம், குடும்ப நிலை ஆகியவற்றை ஆராய்வது வழக்கம். நிறப்பார்வையை ஆராய்வோர் சிலரே. ரயில் எஞ்சின் ஓட்டுநராக விரும்பும் இளைஞன் ஒருவன், தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு பயின்று, எழுத்துத் தேர்விலும் தேறிய பின்னர், மருத்துவப் பரிசோதனையின்போதே தன் குறையை முதன்முதலாக அறிய நேரிடலாம். கழிந்த ஆண்டுகள் மீளா.

விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு அணுக்கள் மூவகைப்படும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய உதவும் அணுக்களுக்குரிய மரபுக்கூறுகள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆண்களுக்கு அக்குரோமோசோம் ஒன்றே உண்டு. ஆதலின் இக்குறை அவர்களிடையே மிகுதி. தாயைப் பெற்ற பாட்டனாருக்கு இக்குறை இருப்பின், பேரன் ஒவ்வொருவனுக்கும் அது அமையப் பாதி வாய்ப்பு உண்டு.

குறையுடைய சிறுவன் அதனை உணர்வதில்லை. இலை பச்சை, குருதி சிவப்பு எனப் பிறர் சொல்லக் கேட்டே அவன் நிறங்களுக்குப் பெயரிடுகிறான். எனவே, பொருள்களைக் காட்டி நிறம் கேட்பது சோதனையாகாது. ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917-ஆம் ஆண்டில் வெளியிட்ட புள்ளிப் படங்களே இன்றும் பெரிதும் பயன்படுகின்றன. பகல் வெளிச்சத்தில், சுமார் 75 சென்டிமீட்டர் தொலைவில் படத்தைப் பிடித்து, அதிலுள்ள எண்ணை மூன்று விநாடிக்குள் சொல்லச் செய்தல் வேண்டும். பிற மாணாக்கர் முன்னிலையில் இதனை நடத்தலாகாது. தவறுவோரைக் கண் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். முடிவு கூறுதல் அவர் பொறுப்பு.

பிறவியில் அமைந்த இக்குறையை நீக்க நடைமுறையில் சிகிச்சை இல்லை. ஆயினும், இது பெரும்பாலான தொழில்களுக்குத் தடையன்று. ரயில் ஓட்டுதல் போன்று, விளக்குகளின் நிறத்தைக் கொண்டு உயிர்களைக் காக்கும் பணிகளில் விதிகள் கண்டிப்பானவை. கணக்கு, சட்டம், ஆசிரியம் முதலிய துறைகளுக்கு நிறப்பார்வை இன்றியமையாததன்று. திரைப்படக் கல்வியிலும் இக்குறையுடையோரை விலக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆகவே, ஆசிரியர் அந்தந்தப் பணிக்குரிய அண்மைக்கால விதிகளைப் பார்த்தே ஆலோசனை கூறுதல் வேண்டும்.

எட்டாம் வகுப்பிலேயே இச்சோதனையை நடத்திவிடுதல் நன்று. அவ்வயதில் அறிந்த மாணவன் வேறு வழியை நாடலாம். இருபது வயதில் அறிபவனோ தொடங்கிய இடத்திற்கே திரும்ப வேண்டியவனாகிறான்.