காரின் கதவும் மழைநீரும்

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் உருவான அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றது. தச்சநல்லூரில் அத்தகைய பழைய காரைப் பேணுவோர்க்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஒரு சோதனையே.

கதவில் நீர் ஒழுகினால் எல்லா இடுக்குகளையும் அடைத்துவிட வேண்டும் என்றே பலரும் எண்ணுவர். உண்மை வேறு. கண்ணாடியில் வழியும் நீரில் ஒரு பகுதி, கண்ணாடி இறங்கும் இடுக்கின் வழியே கதவினுள் புகுவது இயல்பே. கதவின் அடியிலுள்ள துளைகள் அதனை வெளியேற்றுகின்றன. அவற்றைச் சேறு அடைத்தாலும், நாமே பட்டி வைத்து அடைத்தாலும், நீர் உள்ளே தேங்கித் தகடு துருப்பிடிக்கும். எனவே மெல்லிய கம்பியால் அத்துளைகளைத் திறப்பதே முதல் வேலை.

அடுத்து, ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அவ்விடத்தில் ரப்பர் பீடிங் படியவில்லை எனலாம். கதவு தொங்கியிருப்பின் முதலில் கீலைச் சரிசெய்க. ரப்பர் இறுகியிருப்பின் மாற்றுக. உட்பலகையின் பின்னே பாலித்தீன் தாள் ஒட்டி, அதன் கீழ்முனையைக் கதவினுள் செருகினால், நீர் காரினுள் வாராது துளைகளை நோக்கி இறங்கும்.

கரை எத்துணை வலிதாயினும் குளத்திற்கு மறுகால் வேண்டும். கார்க் கதவிற்கும் அஃதே.